அடுப்புக்கும் கிணற்றுக்கும் வழி

ஹேல்ஸ்பரி, மாசசூசெட்ஸ்
1953 நவம்பர் 14

அன்பிற்குரிய தங்கை அடீலியாவுக்கு,

ஓரிகானில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு இம்மடலைத் தொடங்குகிறேன். நான் நலம். வீடு நலம். கூரை ஒழுகவில்லை. இம்மூன்றையும் முதலிலேயே எழுதிவிட்டால் மற்றவற்றை அமைதியாக எழுதலாம்.

நீ அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி ஒன்றுகூட நசுங்காமல் வந்து சேர்ந்தது. பாதியை மார்சியாவிடம் கொடுத்தேன். மருமகளுக்குப் பேரிக்காய் பிடிக்கும். கொடுத்தவளைப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஊதியமில்லாத வேலை, ஆயினும் வேலை. வாரம் இருமுறை பேருந்தேறி மாவட்டத் தலைநகருக்குப் போகிறேன். அங்குள்ள உயில் பதிவகத்தில் அமர்ந்து என் கணவர் பிறந்த டார்பாக்ஸ் குடும்பத்தின் வேரைத் தோண்டுகிறேன். வாரனுக்கும் மார்சியாவுக்கும் பிறந்த கரோலினை முதற்குடியேறியோர் வழிவந்த மகளிர் சங்கத்தில் சேர்க்க வேண்டுமாம். கப்பலில் வந்திறங்கிய முதல் டார்பாக்ஸ் தொடங்கிக் கரோலின் வரை இன்னார்க்கு இன்னார் பிள்ளை என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணம் காட்ட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. வாய்ச்சொல் செல்லாது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய குலமரம் செல்லாது. மார்ச் முதல் நாளுக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். முந்நூறாண்டுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் இவ்வீட்டில் பள்ளி ஆசிரியையாக இருந்த நான் ஒருத்திதான்.

மார்சியா கேட்ட விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். அவள் நெசவாலைத் தொழிலாளியின் மகள் என்பதை நீ அறிவாய். "பத்து வருஷமா அவங்க கூட்டத்துக்கு நான்தான் தேநீர் ஊத்தறேன் அத்தை. ஒருத்தியாவது, நீயும் உக்காரும்மான்னு சொன்னதில்ல. என் பொண்ணாவது அங்க உக்காரட்டும்" என்றாள். நாற்காலிக்காக ஏங்கும் ஒருத்தியிடம் முடியாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. டார்பாக்ஸ் குருதி ஒரு துளியும் இல்லாதவர்கள் இவ்வீட்டில் நாங்கள் இருவர். அந்தக் குருதிக்குச் சான்று தேடுபவர்களும் நாங்கள் இருவரே.

ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதிவகம் சூடாக இருக்கிறது. கழிவறையும் அருகிலேயே இருக்கிறது. சிரிக்காதே, விளக்குகிறேன்.

என் கணவர் எல்பிரிட்ஜ் வீட்டை மூத்தாள் மகன் வாரனுக்கு எழுதிவைத்ததும் எனக்கு விட்டுச்சென்ற உரிமையும் உனக்குத் தெரியும். "கிழக்குக் கீழறையும், சமையற்கட்டின் ஊடே அடுப்புக்கும் கிணற்றுக்கும் போய்வரும் வழியும், அவள் என் கைம்பெண்ணாக வாழும் காலமெல்லாம்." உயிலைப் படிக்கக் கேட்ட அன்று நான் அழுதேன். இழப்புக்காக மட்டும் அழவில்லை. அச்சொற்களின் அழகுக்காகவும் அழுதேன். ஒருவர் தம் இறுதி நாளில் எனக்காக இவ்வளவு கருத்தாகச் சொல் தேடினாரே என்று நெகிழ்ந்தேன்.

அவர் தேடவில்லை, அடீலியா. சென்ற வாரம் பதிவகத்தில் இக்குடும்பத்து முன்னோர், இதே வீட்டில் வாழ்ந்த நத்தானியேல் டார்பாக்ஸ் 1737இல் எழுதிய உயிலைப் படித்தேன். தம் மனைவி மெஹிட்டபெலுக்கு அவர் விட்டுச்சென்றவை: கிழக்குக் கீழறை, சமையற்கட்டின் ஊடே அடுப்புக்கும் கிணற்றுக்கும் வழி, கைம்பெண்ணாக வாழும் காலமெல்லாம். ஒரு சொல் கூடவில்லை. ஒரு சொல் குறையவில்லை. எல்பிரிட்ஜின் பாட்டனார் அச்சிட்ட குடும்ப வரலாற்றில் அந்த உயில் இருக்கிறது. என் கணவர் பார்த்து எழுதியிருக்கிறார்.

அன்று அந்த அடுப்பில் நெருப்பு இருந்தது. கிணற்றில் நீர் இருந்தது. இன்றோ அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்து எழுபதாண்டு ஆகிறது. கிணற்றின்மேல் கல்பலகை கிடக்கிறது. சமையற்கட்டுக்கு அப்பால் கழிவறையோடு கூடிய குளியலறை இருக்கிறது. அது உயிலில் இல்லை. நத்தானியேலுக்குக் குளியலறை ஏது?

செப்டம்பரில் மார்சியா பீங்கான் பாத்திரங்களை அடுக்கப் பெரிய அலமாரி ஒன்று வாங்கினாள். என் அறைக்கும் சமையற்கட்டுக்கும் இடையிலுள்ள கதவை மறைத்து அதை நிறுத்தினாள். கேட்டேன். "உங்களுக்கு அடுப்புக்குப் போற வழிதானே எழுதியிருக்கு அத்தை? அடுப்பே இல்லையே. இல்லாத அடுப்புக்கு வழி எதுக்கு?" என்றாள். வாரன் தன் காலணியையே பார்த்துக்கொண்டு, "வசந்தம் வரட்டும் சித்தி, பாத்துக்கலாம்" என்றான். ஊர் வழக்கறிஞரிடம் போனேன். "எழுதினபடிதாம்மா உரிமை. குளியலறைன்னு ஒரு வார்த்தை இல்லையே, நான் என்ன செய்யட்டும்" என்று கை விரித்தார்.

ஆகவே இப்போது தெருவாசல் வழியே வெளியேறி, வீட்டைச் சுற்றி அறுபத்திரண்டு அடி நடந்து, பின்வாசல் வழியே சமையற்கட்டுக்குப் போகிறேன். நடப்பது உடம்புக்கு நல்லதுதான்.

கவலைப்படாதே. கர்த்தர் உன் வாசலையும் உன் பிள்ளைகளின் வாசல்களையும் காப்பாராக.

உன் அன்பு அக்காள்,
யூனிஸ்

ஹேல்ஸ்பரி
1954 சனவரி 23

அன்பு நீங்காத அடீலியாவுக்கு,

உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. அதில் நீ எழுதியிருந்த இரண்டு வரிகளையும் பலமுறை படித்தேன். இன்னும் சில வரிகளுக்கு அட்டையில் இடமிருந்தது. குறையாகச் சொல்லவில்லை.

பனி இடுப்பளவு நிற்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள பாதையை வாரன் நாள்தோறும் வெட்டிவிடுகிறான். அவனைக் கொடியவன் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கதவைத் திறப்பதைவிட நாள்தோறும் ஒரு பாதை வெட்டுவது எளிது என்று நினைக்கும் மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் தேதி அந்தப் பாதையில் வழுக்கி விழுந்தேன். இடக்கை மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. எழுதுவது வலக்கை என்பதால் இம்மடலுக்குத் தடையில்லை.

இனி வேலையைப் பற்றி. குலமரத்தில் ஒரு கண்ணியைத் தவிர மற்றவையெல்லாம் மெய்ப்பித்தாயிற்று. அந்தக் கண்ணி சபை மூப்பர் ஜோனத்தன் டார்பாக்ஸ். கோயிலின் வண்ணக் கண்ணாடிச் சன்னலில் பெயர் பொறித்திருக்கிறதே, அவரேதான். அவர் நத்தானியேலின் மகன் என்று குடும்ப வரலாறு கூறுகிறது, சான்று தரவில்லை. நத்தானியேலின் உயிலில் "என் ஆண்மக்கள்" என்று இருக்கிறதே தவிரப் பெயர்கள் இல்லை. ஊர்ப் பிறப்பேடு தீயில் போயிற்று. போதாக்குறைக்கு நத்தானியேலின் தம்பிக்கும் ஜோனத்தன் என்றொரு மகன் உண்டு. எந்த ஜோனத்தன் யார் மகன்? இரண்டு மாதம் இக்கேள்வியில் சிக்கிக்கிடந்தேன்.

பதிவகத்து எழுத்தர் திரு பிங்ரி எழுபதை நெருங்குபவர்; வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். ஒரு நாள் என் மேசையருகே வந்து, "ஏம்மா, எல்லாரும் இந்தத் தடிப் புத்தகத்தையே புரட்டறீங்க. இது எழுத்தர் அழகாப் பார்த்தெழுதின நகல். மூலக் காகிதமெல்லாம் கட்டுக்கட்டா உள்ளே கிடக்குது. நகல் எடுத்தவனுக்குச் சோம்பல் வந்திருந்தா பாதிய விட்டிருப்பான்" என்றார். பிறகு, "செத்தவங்க எங்கயும் ஓடிர மாட்டாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார்.

உயிலை மட்டும் தடிப்புத்தகத்தில் படித்துவிட்டு எழுந்துபோனவர்கள்தாம் இக்குடும்பத்து வரலாற்றாசிரியர்கள் அனைவரும். கட்டை அவிழ்த்தவர் எவருமில்லை. மூன்றாக மடித்த தாள்களை ஒவ்வொன்றாக விரித்தேன். ஆறாவது தாள், கைம்பெண் மெஹிட்டபெல் டார்பாக்ஸ் உயில் நீதிபதிக்கு 1739 பிப்ரவரியில் கொடுத்த முறையீடு. சொல்லுக்குச் சொல் உனக்கு எழுதுகிறேன்:

"காலஞ்சென்ற நத்தானியேலுக்கும் எனக்கும் பிறந்த மூத்த மகன் ஜோனத்தன், என் அறையிலிருந்து சமையற்கட்டுக்குப் போகும் கதவை அப்புறத்திலிருந்து ஆணியடித்து அடைத்துவிட்டான். ஏழு வாரமாகச் சனிக்கிழமைதோறும் என் அவரைப் பானையைப் பனியில் சுமந்து அயலார் அடுப்புக்குப் போகிறேன். என் கணவர் எனக்கு விட்டுச்சென்றது வழி, சுவரன்று. நான் அவனுக்குத் தாய். மேன்மைமிகு நீதிபதி என் கதவை எனக்குத் தருவாராக."

கீழே அவள் கையொப்பம் இல்லை. எழுதத் தெரியாதவள் இட்ட ஓர் அடையாளம், நடுங்கிய ஒரு கோடு.

அடீலியா, ஊர்ப்பேரவையில் நூறு ஆண்களுக்கு நடுவே எழுந்து பள்ளிக்கூடத்துக்குக் கணப்படுப்பு கேட்டு வாதாடியவள் நான். என் குரலுக்கு அஞ்சி ஊர்த்தலைவர் தண்ணீர் குடித்த நாளும் உண்டு. அப்படிப்பட்டவள் என் கதவுக்காக ஒரு வரி எழுதினேனா? ஒருவரிடம் முறையிட்டேனா? ஒரு வழக்கறிஞர் கை விரித்தவுடன் தலை குனிந்து வீட்டைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டேன். எழுத்தறியாத அந்தப் பெண் இருநூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எனக்காகவும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். அவள் இருந்ததும் இதே அறை. அவள் கேட்டதும் இதே கதவு.

திரு பிங்ரி என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு, மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இருநூறு வருஷமா இதே பொழப்புத்தானா?" என்றார். அலமாரிக் கதையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தாயா? ஜோனத்தன் நத்தானியேலின் மகன் என்பதற்கு உலகிலுள்ள ஒரே சான்று இத்தாள்தான். தாயை அடைத்தவர் என்று ஒப்புக்கொண்டாலொழிய மூப்பர் அந்த வீட்டுப் பிள்ளை ஆக முடியாது.

அன்றே மார்சியாவிடம் காட்டினேன். படிக்கப் படிக்க அவள் கழுத்து சிவந்தது. "இத எப்படி அத்தை அந்தப் பொம்பளைங்க முன்னாடி வெக்கறது? கோயில் சன்னல்ல பேர் இருக்கிற மனுஷன். வேற காகிதம் தேடுங்க" என்றாள். வேறு இல்லை என்றேன். "இருக்கும். நீங்க வேணும்னேதான் இதை எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். பிறகு வெகுநேரம் அந்த அலமாரியின் பக்கம் திரும்பவே இல்லை.

பதிவகம் முத்திரையிட்டுத் தந்த நகல் என்னிடம் இருக்கிறது, மெத்தைக்கடியில் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் கரோலினுக்கு அந்த நாற்காலி இல்லை. கதவு இல்லாமல் அத்தாளைத் தருவதாகவும் நான் இல்லை. பேரம் பேசுவது எனக்குப் பெருமையன்று. என்ன செய்வது, என் கையில் வேறொன்றும் இல்லை.

உன் வீட்டில் பனி பெய்வதில்லை என்று எழுதியிருந்தாயே. மழையாவது அளவோடு பெய்யட்டும்.

மாறா அன்புடன்,
யூனிஸ்

ஹேல்ஸ்பரி
1954 மார்ச் 9

என் உடன்பிறந்தவளே, அடீலியா,

கதவு திறந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி இறுதிவரை மார்சியா அசையவில்லை, நானும் அசையவில்லை. மார்ச் முதல் நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது வாரன் என் அறை வாசலில் வந்து நின்றான். "சித்தி, அந்தக் காகிதம்" என்றான். "அந்தக் கதவு" என்றேன். அவனுக்கு ஆறு வயதானபோது நான் இவ்வீட்டுக்கு வந்தேன். அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நான். அவன் முகத்தைப் பார்க்காமலேயே அவன் என்ன நினைக்கிறான் என்று சொல்லிவிடுவேன். அன்று பார்த்தும் தெரியவில்லை.

பீங்கான்களை எடுத்து அடுக்கிவிட்டு, அவனும் மார்சியாவும் அலமாரியை நகர்த்தும் ஓசை சுவர் வழியே கேட்டது. நான் என் பக்கம் நின்று கைப்பிடியைத் திருப்பினேன். கதவு வரவில்லை. மறுபுறம் பேச்சு நின்றது. பிறகு சுத்தியலின் கொக்கி ஆணியைப் பிடுங்கும் ஓசை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கதவு திறந்தது. வாரனின் உள்ளங்கையில் நான்கு புத்தம்புது ஆணிகள். "காத்துக்கு ஆடிச்சு சித்தி. அலமாரில இடிக்குமேன்னு செப்டம்பர்லயே..." என்று சொல்லி நிறுத்திவிட்டான். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

அலமாரிதான் வழியை மறைக்கிறது என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன், அடீலியா. அலமாரியை நகர்த்தலாம், அதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஆணியடிக்க ஒருவன் கையோங்கியிருக்க வேண்டும், நான்கு முறை.

நான் அவனைத் திட்டவில்லை. முறையீட்டின் நகலை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். அவன் நின்றபடியே படித்தான். "அப்புறத்திலிருந்து ஆணியடித்து" என்ற இடத்தில் அவன் விரல் நின்றது. மார்சியா ஓர் உறையை எடுத்து, தாளை அதிலிட்டு ஒட்டி, அவன் கையில் கொடுத்து, "இன்னைக்கே போட்டுட்டு வாங்க" என்றாள்.

சங்கம் என்ன சொன்னது என்று கேட்பாய். சங்கத்துச் செயலாளர் அம்மையார் பாராட்டி மடல் எழுதியிருக்கிறார்: இத்துணைத் தெளிவான சான்று தங்களுக்கு அரிதாகவே கிடைக்கிறதாம், கரோலினை உறுப்பினராக ஏற்பதில் மகிழ்ச்சியாம். தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. பானையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகன் என்ற சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மார்சியா அம்மடலை என்னிடம் படித்துக்காட்டினாள். "பாத்தீங்களா அத்தை, யாரும் ஒண்ணும் நினைக்கல" என்றாள். அவள் நிம்மதியைப் பார்த்து எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. ஏப்ரல் கூட்டத்தில் கரோலின் உட்காருவாள். தேநீர் ஊற்றப்போவது மார்சியாதான்.

கதவு திறந்த முதல் சனிக்கிழமை, ஊர் வழக்கப்படி அவரையை ஊறவைத்து, உப்புக்கண்டமும் வெல்லப்பாகும் சேர்த்து, பானையைக் கையிலேந்தி, என் வழியே நடந்தேன். ஏழே அடி. வாரனும் மார்சியாவும் மேசையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பானையை மார்சியாவின் எரிவாயு அடுப்பில் வைத்தேன். மார்சியா எழுந்து, நான் துடைப்பதற்கு முன்பே, நான் தொட்ட இடத்தைத் துடைத்தாள். "நல்லா வாசனையா இருக்கு சித்தி" என்றான் வாரன். யாரும் நாற்காலி இழுத்துப் போடவில்லை. நான் என் ஏழடியைத் திரும்பி நடந்தேன். பின்னால் பேச்சு மீண்டும் தொடங்கியது.

பனியில் நடந்தபோது என் வருத்தத்துக்கு ஒரு பெயர் இருந்தது: கதவு. இப்போது கதவு திறந்தே கிடக்கிறது; வருத்தத்துக்குப் பெயரில்லை.

மெஹிட்டபெலின் எஞ்சிய கதையையும் சொல்லிவிடுகிறேன். அவள் வென்றாள். நீதிபதி மூன்று நில உடைமையாளரை நேரில் பார்த்துத் தீர்த்துவர அனுப்பினார். ஆணிகளைப் பிடுங்கிவிட்டதாக அவர்கள் எழுதிய அறிக்கையும் அதே கட்டில் இருந்தது. அதன்பின் அவள் பெயரே இல்லை. இறந்திருந்தால் அவளுடைய உடைமைகளின் பட்டியல் இருக்க வேண்டும், இல்லை. அடைக்கப்பட்ட அறையிலிருந்து மீண்டவள் எங்கே போனாள்? என்னால் விட முடியவில்லை. திரு பிங்ரி வடக்கே உள்ள பதிவகங்களுக்கெல்லாம் தாமே மடல் எழுதினார். சென்ற வெள்ளியன்று அவர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு எனக்காக வாசலிலேயே நின்றிருந்தார். "உங்க கிழவி கிடைச்சுட்டாம்மா" என்றார்.

1746ஆம் ஆண்டுப் பட்டியல் அது. "கிட்டரி ஊரில் தன் தங்கையின் வீட்டில் ஆறாண்டுகள் வாழ்ந்து மறைந்த கைம்பெண் மெஹிட்டபெல் டார்பாக்ஸின் பொருள்கள்: ஒரு கட்டில், ஒரு போர்வை, ஒரு விவிலியம், மூடியுள்ள ஓர் அவரைப் பானை."

கணக்கிட்டுப் பார். கதவைப் போராடித் திறந்த மறு ஆண்டே அவள் வெளியேறிவிட்டாள். அந்த அறையிலேயே இருந்தாக வேண்டும் என்று உயில் அவளைக் கட்டிப்போடவில்லை. தோற்று வெளியேறினாள் என்றும் எவரும் சொல்ல முடியாது. பானையையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். பதிவக மேசையில் அமர்ந்து அப்பட்டியலை என் கையால் பார்த்தெழுதிக்கொண்டேன். திரு பிங்ரி ஒரு மிட்டாயை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அப்பால் போய்விட்டார்.

நீ மேற்கே புறப்பட்ட 1919ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? நீயும் வா அக்கா, இரண்டு பேரும் அங்கே பள்ளி நடத்தலாம் என்று நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் கையை விடுவித்துக்கொண்டு, "எனக்குன்னு ஒரு வீடு கிடைச்சிருச்சு அடீலியா" என்றேன். அதைச் சொன்ன குரலில் செருக்கு இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக நீ அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை; நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வேறொன்றும் கேட்கவில்லை. வெறுமனே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்: உன் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின், மாடியில் காலியாகக் கிடப்பதாக எழுதினாயே, அந்த அறையில் ஒரு கட்டில் கொள்ளுமா? சிறிய கட்டில்தான். உன் அடுப்பில் சனிக்கிழமைகளில் ஒரு பானைக்கு இடமிருக்குமா? இதையெல்லாம் உயிலிலோ ஒப்பந்தத்திலோ எழுதித்தர வேண்டியதில்லை. ஒரே ஒரு வரி போதும். அட்டையில் எழுதினாலும் சரி.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளும், நிறைந்த மேசையும், கனிந்த மனமும் தருவாராக. உன் பதில் வரும்வரை அந்தக் கதவை நான் சாத்தப்போவதில்லை. சமையற்கட்டுப் பின்வாசல் இடுக்கால் குளிர் வருகிறது; வரட்டும்.

உன் அக்காள்,
யூனிஸ்